கூலருக்குள் ஒரு பாதம்

நீண்ட ஓட்டத்துக்கு மறுநாள், திங்கட்கிழமை காலை, கீழே இருக்கும் குழாயிலிருந்து இரண்டாம் மாடிக்கு இரண்டு வாளித் தண்ணீரை நொண்டாமல் தூக்கிக்கொண்டு வர வேண்டும். வந்துவிட்டால் நான் தொடர்ந்து ஓடலாம். நொண்டினால் ஷூவைப் பழைய சாமான் வாங்கும் கபாடிக்காரனிடம் போட்டுவிட்டு, ஓட்டத்தை அன்றோடு தலைமுழுகிவிட வேண்டும். என் மனைவி போட்ட கண்டிஷன் இது. எண்பதுகளின் நடுவில், டெல்லி மோதி பாக்கில் அரசாங்கக் குவார்ட்டர்ஸில் நாங்கள் இருந்தபோது நடந்தது.

அவள் பேச்சில் நியாயம் இல்லை என்று சொல்ல மாட்டேன். முந்தைய வருஷம் நாற்பத்திரண்டு கிலோமீட்டர் ஓட்டத்தை முடித்துவிட்டு வந்து ஒன்பது நாள் நொண்டினேன். எங்கள் மாடிக்குக் காலையில் தண்ணீர் ஏறாது. ஆறு மணிக்குள் கீழே போய்ப் பிடித்தால்தான் உண்டு. வழக்கமாக அது என் வேலை. நான் காலைத் தூக்கி நாற்காலியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்ததால் அவள் தூக்கினாள். மூன்றாம் நாள் படியில் வழுக்கி மணிக்கட்டு பிசகிவிட்டது. மீதி ஆறு நாளும், எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்க வரும் அம்மாள்தான் யாரும் கேட்காமலேயே வாளி வாளியாகச் சுமந்து கொட்டினாள். அவள் விழுப்புரம் பக்கத்துக்காரி. குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் ரயில் பாதையோரத்தில் ஜுக்கி என்று சொல்லும் குடிசைப் பகுதியில் குடியிருந்தாள். காலையில் ஒரு முறையும் மூன்று மணிக்கு ஒரு முறையும் வருவாள்.

"நீங்க ஓடுததுல எனக்கு ஒண்ணும் இல்ல. ஓடிட்டு வந்து படுத்துக்கிட்டு எங்கள தூக்க விடுதியள்லா, அதத்தான் சொல்லுதேன்," என்றாள் மனைவி. நாங்கள் இருவருமே திருநெல்வேலிக்காரர்கள். டெல்லிக்கு வந்து பத்து வருஷத்துக்கு மேலாகியும் அவள் பேச்சில் தாமிரபரணி வற்றவே இல்லை.

"சரி, பாத்துருவோம்," என்று நானும் வீறாப்பாகச் சொல்லிவிட்டேன். சொன்ன வாயை மூடுவதற்குள் சந்தேகம் வந்துவிட்டது. இவ்வளவு நிதானமாக இவள் ஏன் பந்தயம் கட்டுகிறாள்? நான் நொண்டுவேன் என்று உறுதியாகத் தெரிந்துதானே கட்டுகிறாள்?

எனக்குச் சந்தேகப் புத்தி. அதை மறைத்து ஒன்றும் ஆகப்போவதில்லை. ஆபீஸில் என் வேலையே அதுதான். மருத்துவ விடுப்பு கேட்டு வரும் விண்ணப்பங்கள் என் மேஜைக்கு வரும். மஞ்சள் காமாலை என்று எழுதியிருப்பான். மச்சினன் கல்யாணத்துக்குப் போயிருப்பான். டாக்டர் கையெழுத்தின் மை, தேதியின் மை, சீல் விழுந்த சாய்வு எல்லாவற்றையும் ஜன்னலோரம் தூக்கிப் பிடித்துப் பார்ப்பேன். அப்படியே பழகிப் பழகி, வீட்டில் காப்பி கொஞ்சம் சூடாக வந்தால்கூட இதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று யோசிக்கிற ஆளாகிப்போனேன்.

நீண்ட ஓட்டம் ஓடியவர்களுக்குத் தெரியும், ஓட்டம் முடிந்த பிறகுதான் பாதத்தின் பாடு ஆரம்பிக்கும். ஷூவைக் கழற்றினால் கால் உப்பிவிடும். திரும்ப மாட்ட முடியாது. வெறுங்காலோடு நடக்கலாம் என்றால் டெல்லிக் குளிரில் சிமெண்டுத் தரை சுள்ளென்று ஏறும். ஹவாய் செருப்பு போட்டால் அது குதிகாலை விட்டு விலகி விலகி ஓடும். அதைப் பிடித்து வைக்க விரல்கள் ஒவ்வொரு அடிக்கும் மடங்கும். ஏற்கெனவே இறுகிக் கிடக்கும் ஆடுசதை இன்னும் இறுகும். முந்தைய வருஷம் என்னை ஒன்பது நாள் நொண்ட வைத்தது ஓட்டம் இல்லை, ஓட்டத்துக்குப் பிறகு போட்ட ஹவாய் செருப்புதான் என்று எனக்கு ஒரு எண்ணம்.

அந்த எண்ணம் வந்ததற்குக் காரணம் ஒரு பட்டாளத்துக்காரர். மலைப் பிரதேசத்து ஆள், அந்த ஓட்டத்தில் எனக்கு முன்னால் ஓடி முடித்தவர். எல்லைக்கோட்டுக்கு அப்பால் நாங்கள் எல்லாரும் புல்லில் மல்லாந்து கிடந்தபோது அவர் மட்டும் பையிலிருந்து எதையோ எடுத்துக் காலில் கட்டிக்கொண்டு சாவகாசமாக நடந்து போனார். தகடு போன்ற ரப்பர், அதில் மூன்று ஓட்டை, ஒரு கயிறு. அவ்வளவுதான். கயிறு கட்டைவிரலுக்குப் பக்கத்தில் இறங்கி, குதிகாலைச் சுற்றிப் பிடித்திருந்தது. விரல்களுக்கு எந்த வேலையும் இல்லை. பாதம் தரையை உணர்கிறது, ஆனால் தரை பாதத்தைக் குத்தவில்லை. அவர் நடந்த நடையைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது.

அதே மாதிரி ஒன்றை நானே செய்துகொள்வது என்று முடிவு செய்தேன். ரகசியமாகத்தான். மனைவிக்குத் தெரிந்தால் இது கள்ளாட்டம் என்பாள். தவிர, எங்கள் வீட்டில் செருப்பு வாசலைத் தாண்டி உள்ளே வரக்கூடாது. அது அறுந்துபோன வாராக இருந்தாலும் சரி, வெளியேதான் கிடக்க வேண்டும். இன்னொன்றும் உண்டு. மத்திய சர்க்காரில் வேலை பார்க்கிறவன் உட்கார்ந்து செருப்புச் செய்கிறான் என்று ஊர்க்காரர்கள் காதில் விழுந்தால் என்ன சொல்வார்களோ என்று கூச்சப்பட்டேன். அப்படிக் கூச்சப்பட்டதை இன்று நினைத்தால் அசிங்கமாக இருக்கிறது.

சனிக்கிழமை எனக்கு வசதி. ஐந்து நாள் வாரம் வந்த புதிது, ஆபீஸ் கிடையாது. மனைவி பள்ளிக்கூடத்தில் டீச்சர், அவளுக்கு மதியம் வரை வகுப்பு இருந்தது. பாத்திரம் தேய்க்கும் அம்மாள் எட்டரைக்குள் முடித்துவிட்டுப் போய்விடுவாள். ஒன்பதிலிருந்து ஒரு மணி வரை வீடு என்னுடையது.

முதல் சனிக்கிழமை, ரிங் ரோட்டில் பனிக்குள் நீண்ட தூரம் ஓடிவிட்டு வந்து, கால் உப்பியிருக்கும்போதே நியூஸ்பேப்பரில் அளவு எடுத்தேன். தன் காலைத் தானே வரைவது லேசுப்பட்ட காரியம் இல்லை. குனிந்தால் பாரம் முன்னால் சரிகிறது, பாதம் பரவுகிறது, பென்சில் சாய்கிறது. மூன்று தாள் வீணாகி நான்காவதில்தான் சரியாக வந்தது. கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே ஓட்டை எங்கே விழ வேண்டும் என்பது மயிரிழைக் கணக்கு. சற்றுப் பிசகினாலும் கயிறு சதையை அறுக்கும். அதற்கு ஒரு யோசனை தோன்றியது. சாமி அலமாரியிலிருந்து குங்குமத்தை எடுத்துத் தண்ணீரில் குழைத்து விரலிடுக்கில் தடவிக்கொண்டு, தாளில் மெதுவாகக் கால் வைத்தேன். எடுத்தபோது சரியான இடத்தில் சிவப்பாக ஒரு பொட்டு விழுந்திருந்தது. கணுக்காலுக்கு நேர்கீழே இரண்டு பக்கமும் இன்னும் இரண்டு பொட்டு. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

ரப்பருக்குக் கரோல் பாக் போனேன். பழைய டயரை அடுக்கடுக்காக உரித்து விற்கும் ஒரு ஆள் நடைபாதையில் இருந்தான். மெல்லிய தகடாகப் பார்த்து எடுத்து, மடக்கி, முறுக்கி, முகர்ந்துகூடப் பார்த்தேன்.

"சப்பல் பனாயேகா க்யா, மதராஸி?" என்றான். செருப்புச் செய்யப் போகிறாயா என்று கேட்கிறான்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இவனுக்கு எப்படித் தெரியும்? இல்லை, கதவுக்கு அடியில் வைக்க என்று ஹிந்தியில் ஒரு பொய் சொன்னேன். அவன் சிரித்த சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. பஸ் ஸ்டாப்புக்கு நடக்கும்போது இரண்டு தரம் திரும்பிப் பார்த்துக்கொண்டேன்.

அடுத்த சனிக்கிழமை, ரப்பரை வெட்ட வீட்டில் இருந்த ஒரே ஆயுதம் அரிவாள்மணைதான். காலால் மிதித்துக்கொண்டு, தாளை ரப்பர் மேல் வைத்து, வரைந்த கோட்டின் மேலேயே அரிந்தேன். வெண்டைக்காய் போல வரவில்லை, மல்லுக்கட்டித்தான் வந்தது. பிறகு அரிவாள்மணையைச் சோப்புப் போட்டு இரண்டு தரம் கழுவி வைத்தேன். ஸ்டவ்வில் ஆணியைப் பழுக்கக் காய்ச்சி, குங்குமப் பொட்டு இருந்த இடங்களில் தாளோடு சேர்த்து ரப்பரில் இறக்கினேன். புகை கிளம்பி வீடு முழுக்க ஒரே டயர் நாற்றம். ஜன்னலைத் திறந்து போட்டு, அதுவும் போதாமல் ஒரு கொத்து ஊதுபத்தி கொளுத்தினேன்.

ஒரு மணிக்கு வந்தவள் வாசலிலேயே மூக்கை உறிஞ்சினாள்.

"என்ன, இன்னைக்குத் திடீர்னு பக்தி?"

"சனிக்கெழமைலா," என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். நான் பேப்பரைப் பார்த்தேன். மறுநாள் சாம்பாரை வாயில் வைத்ததும் அவள் நிமிர்ந்து, "கத்திரிக்காயில என்னமோ வாசம் அடிக்கி, உங்களுக்குத் தெரியுதா?" என்று கேட்டாள். "ஐ.என்.ஏ. மார்க்கெட்டுல முன்ன மாதிரி நல்ல காய் எங்க வருது," என்று சொல்லிவிட்டு இரண்டாம் தரமும் சாம்பார் ஊற்றிக்கொண்டேன். அது தொண்டையில் இறங்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

கயிறுதான் தீராத தலைவலியாக இருந்தது. சணல் அறுத்தது. ஷூ லேஸ் உருண்டையாக இருந்து உறுத்தியது. நைலான் முடிச்சில் நிற்காமல் வழுக்கியது. தட்டையாக, மெத்தென்று, பருத்தியில், முடிச்சுப் போட்டால் நழுவாததாக ஒன்று வேண்டும். கொடியில் காய்ந்துகொண்டிருந்த பாவாடையைப் பார்த்தபோது கண்டுபிடித்துவிட்டேன். பாவாடை நாடா. கடையில் போய் ஒரு ஆம்பிளை அதைக் கேட்டு வாங்குவதாவது என்று, ட்ரங்குப் பெட்டியிலிருந்த இரண்டு பழைய பாவாடைகளிலிருந்து உருவிக்கொண்டேன்.

எல்லாவற்றையும் ஒளித்து வைக்கப் பால்கனியில் அருமையான இடம் இருந்தது. வெயில் காலம் முடிந்து தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருந்த ஏர் கூலர், பெரிய தகரப் பெட்டி. மார்ச் வரை அதை யாரும் தொட மாட்டார்கள். ரப்பர்த் தகடுகளைக் கால் வரைந்த தாள்களில் பொதிந்து, மேலே நாடாவைச் சுற்றி, முடிச்சு நிற்கிறதா என்று பார்ப்பதற்காக ஏழெட்டு முடிச்சும் போட்டு, கூலருக்குள் வைத்து மூடினேன்.

மூன்றாவது சனிக்கிழமை தார்ப்பாயை விலக்கிப் பார்க்கிறேன், உள்ளே ஒன்றும் இல்லை.

எலி தூக்கிப் போயிருக்குமோ என்றெல்லாம் நான் யோசிக்கவில்லை. என் புத்தி நேராக மனைவியிடம் போய் நின்றது. கண்டுபிடித்துவிட்டாள். கண்டுபிடித்ததைச் சொல்லாமல், எடுத்து எறிந்துவிட்டு, ஒன்றும் தெரியாதவள் மாதிரி தோசை சுடுகிறாள். அன்று முழுக்க அவளை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"என்ன, என் மூஞ்சில என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்ல. கூலருக்குப் புதுசா வெட்டிவேர்த் தட்டி போடணும், அதப் பத்தி யோசிச்சேன்."

"இந்தக் குளிர்லயா?"

அவள் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. பொய்ச் சான்றிதழ் கொண்டுவருகிறவர்களில் கைதேர்ந்தவன் முகம்தான் அப்படி இருக்கும் என்பது என் அனுபவம்.

அடுத்த வாரம் இன்னொன்று நடந்தது. வாசலுக்கு வெளியே கிடந்த என் ஓட்ட ஷூவில் காலை விட்டால் ஏதோ உருண்டையாகத் தட்டுப்பட்டது. எடுத்துப் பார்த்தேன். ஒரு சின்ன எலுமிச்சம்பழம், மேலே குங்குமம். இடது ஷூவிலும் ஒன்று. எனக்கு உச்சந்தலை வரை சூடேறியது. படித்தவள், பிள்ளைகளுக்குப் பாடம் சொல்கிறவள், ஒரு பந்தயத்தில் ஜெயிக்க இந்த அளவுக்கா இறங்குவாள்? வாயைத் திறந்தால் செருப்பு விஷயமும் வெளியே வந்துவிடும் என்பதால் இரண்டு பழத்தையும் சாக்கடையில் எறிந்துவிட்டு ஓடப் போனேன். அன்று ஓடிய தூரம் முழுக்க அவளோடு மனதுக்குள் சண்டை போட்டேன். ஓட்டம் என்னவோ நன்றாக அமைந்தது.

இதற்கிடையில் அவள் ட்ரங்குப் பெட்டியைத் திறந்திருக்கிறாள்.

ஒரு நாள் காலை நான் உள்ளறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். சமையலறையில் பாத்திரம் தேய்க்கும் அம்மாளிடம் மனைவி கேட்பது கேட்டது.

"பாவாட நாடா எதும் எடுத்தியா நீ? வேணும்னா கேட்டு வாங்கிக்கிட வேண்டியதுதான?"

பாத்திரம் தேய்க்கும் சத்தம் நின்றது. "நா எடுக்கலங்கம்மா."

"பெட்டிக்குப் பூட்டு கெடையாது. நீ, நானு, ஐயா. ஐயாவா பாவாட நாடாவ எடுப்பாவ?"

மறுபடியும் தேய்க்கும் சத்தம் கேட்டது. நான் பேப்பரை முகத்துக்கு நேரே உயர்த்திப் பிடித்துக்கொண்டேன். படித்த வரியையே திரும்பத் திரும்பப் படித்தேன். எழுந்து போய், "அது நான்தான்" என்று சொல்ல ஒரு நிமிஷம் போதும். அந்த ஒரு நிமிஷத்தில் என் ஓட்டம் போய்விடும் என்று பயந்தேன். ஓட்டம் முடியட்டும், திங்கட்கிழமை கழியட்டும், பிறகு நிதானமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அப்படிச் சொல்லிக்கொண்டது எனக்கு இன்றுவரை வெட்கமாக இருக்கிறது.

அதைவிடக் கேவலம், இரண்டாவது ஜோடிக்கு எனக்கு மறுபடியும் நாடா தேவைப்பட்டது. மறுபடியும் அதே பெட்டியில்தான் கை வைத்தேன். இந்தத் தடவை எதையும் வீட்டில் வைக்கவில்லை. செய்து முடித்ததும் ஆபீஸுக்குக் கொண்டுபோய், மேஜை டிராயரில், மருத்துவச் சான்றிதழ்களுக்கு அடியில் வைத்துப் பூட்டினேன்.

ஓட்டத்துக்கு இரண்டு நாள் முன்னால் மனைவி பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு வந்து என் எதிரில் உட்கார்ந்தாள். அவளுக்குக் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம் இருந்தது.

"இன்னும் ரெண்டு போயிருக்கு. கேட்டதுக்கப்புறமும் எடுத்திருக்கா பாருங்க. நாடா பெருசு இல்ல. நம்பி வீட்ட விட்டுட்டுப் போறோம்லா. கேட்டப்ப மூஞ்சியப் பாத்துப் பேச மாட்டேங்கா. தரையையே பாக்கா. அப்பவே தெரிஞ்சிட்டு எனக்கு."

"விடு, பழைய நாடாதான," என்றேன்.

"ஞாயித்துக்கெழம உங்க ஓட்டம் முடியட்டும். திங்கக்கெழம ரெண்டு காரியத்தையும் சேத்து முடிச்சிருதேன்," என்றாள். ஒன்று என் ஓட்டம். மற்றது அந்த அம்மாளின் வேலை. நான் தலையை ஆட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை ஓடினேன். அந்த ஓட்டத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. முப்பதாவது கிலோமீட்டரில் எல்லோருக்கும் வருகிற சாவு எனக்கும் வந்தது, போனது. முடித்தேன். புல்லில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றி, பையிலிருந்து என் செருப்பை எடுத்து நாடாவைக் குதிகாலைச் சுற்றிக் கட்டி எழுந்து நின்றபோது, இடுப்பு வரை ஏதோ இளகியது. உப்பிய காலுக்கே அளவெடுத்ததால் எங்கேயும் இறுக்கவில்லை. விரல்கள் தம்பாட்டுக்கு விரிந்து கிடந்தன. வீட்டுக்கு உடனே போகாமல் ஒரு பூங்காவில் மூன்று மணி நேரம் மெதுவாக நடந்துகொண்டே இருந்தேன். வெயில் இதமாக இருந்தது. நாளைக்கு நொண்ட மாட்டேன் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. சந்தோஷத்தில் வேர்க்கடலை வாங்கித் தின்றேன்.

மூன்று மணி வாக்கில் குவார்ட்டர்ஸுக்கு வந்தேன். மேலே போவதற்குள் செருப்பைப் பையில் ஒளிக்க வேண்டும். கீழ்ப்படியில் உட்கார்ந்து முடிச்சை அவிழ்க்கும்போது நிழல் விழுந்தது. வேலைக்கு வந்துகொண்டிருந்த அந்த அம்மாள் நின்று என் காலையே பார்த்தாள்.

"இன்னாங்கய்யா இது கால்ல?"

"செருப்பு. நானே செஞ்சது. அம்மாட்ட சொல்லிராத."

அவள் குனிந்தாள். நாடாவைத் தொடாமல், விரலை நீட்டி, அது போகும் வழியைக் காட்டினாள். விரலிடுக்கில் இருந்த ஓட்டை, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு ஓட்டை.

"கூலருக்குள்ள இருந்ததும் இதுதானா?"

முடிச்சை விட்டுவிட்டு நிமிர்ந்தேன். "நீயா எடுத்த?"

அவள் என்னைவிட இரண்டு படி தள்ளி உட்கார்ந்தாள். பால்கனி பெருக்கும்போது தார்ப்பாய் விலகிக் கிடந்ததாம். சரி செய்யப் போனவள் பொட்டலத்தைப் பார்த்திருக்கிறாள். "கால் வரஞ்சிருக்கு. கால்ல ஆணி அடிச்ச ஓட்ட. ஓட்டயச் சுத்திக் குங்குமம். மேல பொம்பள நாடா, அதுல எண்ணிப் பாத்தா ஏழு முடிச்சி. அந்த வாரம் வூடெல்லாம் ஊதுபத்தி வாசன வேற வந்துச்சி. எங்க பக்கம் காலடி மண்ணெடுத்துத்தான்யா செய்வின வெப்பாங்க. டில்லியில மண்ணு கெடைக்காதுன்னு பேப்பர்ல வரஞ்சி வெச்சிட்டாங்கன்னு நெனச்சேன்."

"யார் வெச்சாங்கன்னு?"

அவள் மேலே பார்த்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "நாடா அம்மாவோடது. அம்மாதான் ஓட வேணாம், ஓட வேணாம்ங்கறாங்க. வேற யாரு? யார்கிட்ட போய்ச் சொல்றது. உங்ககிட்ட சொன்னா குடும்பம் ஒடஞ்சிடும். எங்க ஜுக்கியில மாரியாத்தா கோயில் கீது, பூசாரிகிட்ட குடுத்துக் கழிச்சிட்டேன். கால் கெட்டுடக் கூடாதுன்னு உங்க பூட்ஸ்ல எலுமிச்சம்பழம் வெச்சேன். எடுத்துப் போட்டுட்டீங்க போல. அப்பறம் வாசப்படியாண்ட வெச்சேன்."

சொல்லிக்கொண்டே வந்தவள் என் காலை இன்னொரு தரம் பார்த்துவிட்டு, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். எத்தனை நாள் சேர்த்து வைத்த பயமோ, அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இரண்டு பேரும் அப்படிச் சிரித்துக்கொண்டிருக்கும்போதே அவள் சிரிப்பு நின்றது.

"அப்ப நாடாவ எடுத்தது நீங்க."

"ஆமா."

"அம்மா என்னக் கேட்டப்ப நீங்க உள்ளதான இருந்தீங்க. பேப்பர் படிச்சிக்கினு."

"ஆமா."

அவள் தரையைப் பார்த்தாள். மனைவி நாடா பற்றிக் கேட்டபோதும் அவள் அப்படித்தான் பார்த்திருப்பாள். செய்வினை வைத்தவளே திருட்டுப்பழியும் போடுகிறாள் என்று நினைத்துக்கொண்டு, அதையும் பொறுத்துக்கொண்டு, என் காலுக்காகத் தினமும் வந்து போயிருக்கிறாள். அது எனக்கு அந்தப் படியில் உட்கார்ந்திருக்கும்போது விளங்கியது. விளங்கியும் நான் சொன்னது இதுதான்: "நாளைக்குச் சொல்லிருதேன். காலையில தண்ணி தூக்கி முடிச்ச ஒடனே சொல்லிருதேன். இன்னைக்கு ஒரு நாள் மட்டும் பொறுத்துக்கம்மா."

"அச்சா," என்று சொல்லிவிட்டு எனக்கு முன்னால் படியேறிப் போனாள்.

திங்கட்கிழமை ஆறு மணிக்கு முன்பே மனைவி சால்வையைப் போர்த்திக்கொண்டு மாடிப்படி உச்சியில் வந்து நின்றாள். நான் கீழே போய் இரண்டு வாளியையும் நிரப்பி, ஒரு கைக்கு ஒன்றாகத் தூக்கி, முதுகை நிமிர்த்திக்கொண்டு ஏறினேன். தொடை வலித்தது, ஆனால் பாதம் ஒரு குறையும் சொல்லவில்லை. ஒரு சொட்டுத் தண்ணீர் சிந்தவில்லை. அவள் என் முகத்தைப் பார்க்காமல் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசிப் படியில் ஏறியதும் வழிவிட்டு ஒதுங்கினாள்.

"சரி. ஓடுங்க," என்றாள். அவள் முகத்தில் கள்ளம் எதுவும் இல்லை. உண்மையாகவே சந்தோஷப்பட்டாள். "காப்பி போடுதேன், குளிச்சிட்டு வாங்க."

நான் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். தண்ணீர் தூக்கியாகிவிட்டது, வாக்குக் கொடுத்த நேரம் அதுதான். ஆனால் ஜெயித்தவனுக்கு வெந்நீர்க் குளியல் ருசியாக இருந்தது. காலை நீவிவிட்டு, பாட்டுக்கூட முணுமுணுத்தேன். காப்பி குடித்துவிட்டுச் சொல்லலாம் என்று இருந்தேன். தலையைத் துவட்டிக்கொண்டு வெளியே வந்தபோது சமையலறை வாசலில் மனைவி நின்றுகொண்டிருந்தாள். உள்ளே அந்த அம்மாள் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"நாளையிலேர்ந்து வர வேண்டாம்," என்று மனைவி சொல்லி முடித்திருந்தாள். "ஏன்னு ஒனக்கே தெரியும்."

அந்த அம்மாள் தேய்ப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

நான் போய்ப் பையிலிருந்த செருப்பை எடுத்து வந்து மனைவி முன்னால், வீட்டுக்கு நடுவே, தரையில் வைத்தேன். "நாடாவ நான்தான் எடுத்தேன்," என்றேன். அவள் செருப்பைப் பார்த்தாள். தன் பாவாடை நாடாவை அடையாளம் கண்டுகொள்ள அவளுக்கு ஒரு கணம் ஆனது. வீட்டுக்குள் செருப்பு வந்ததைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"நான் அவகிட்ட கேட்டது ஒங்களுக்குக் கேட்டுதுல்லா?"

"கேட்டுது."

அவள் திரும்பிச் சமையலறைக்குள் போனாள். "தப்பு எம்பேர்லதான்மா. தெரியாம சொல்லிட்டேன். மனசுல வெச்சுக்கிடாத. நீ எப்பவும் போல வா," என்று அவள் கையைப் பிடித்தாள். முந்தைய வருஷம் தண்ணீர் தூக்கிப் பிசகிய அதே கையால்தான் பிடித்தாள்.

அந்த அம்மாள் கையை உருவிக்கொள்ளவில்லை. கடைசிப் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். மனைவியிடம், "உங்க மேல ஒண்ணும் இல்லம்மா. நானும் உங்களத் தப்பா நெனச்சிட்டேன்," என்றாள். என்ன நினைத்தாள் என்று சொல்லவில்லை. பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"இந்த வூட்ல செய்வின இருக்குதுன்னு நெனச்சப்பகூட நா வரத நிறுத்தலய்யா. இனிமே வர முடியாது."

குரலை உயர்த்தவில்லை. நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் என் செருப்பை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு வாசலுக்குப் போனாள். படியில் இறங்கும் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது.

அதற்குப் பிறகும் நான் சில வருஷம் ஓடினேன். நாடா கடையில் கேட்டே வாங்கினேன், ஒருவரும் சிரிக்கவில்லை. ஆனால் அவள் போன மறுநாள், செவ்வாய்க்கிழமை காலை, பாத்திரம் கழுவவும் சேர்த்து, அந்தச் செருப்பையே போட்டுக்கொண்டு நான்கு வாளி தூக்கினேன். வாசலில் கழற்றிவிட்டு உள்ளே போனேன். நொண்டுகிறேனா என்று பார்க்க மாடிப்படியில் யாரும் நிற்கவில்லை.